வாத்தியார் படத்திலிருந்த கைகள்

தஞ்சாவூரில் இறங்கியதும் கமலுக்கு இரண்டு வயல் படங்கள் அனுப்பினேன். "பச்சை வயல் வேணும் அக்கா, பச்சை இல்லாம என்னா டெல்டா?" என்று அவர் கோலாலம்பூரிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். நான் அனுப்பிய இரண்டிலும் அறுத்த தாளும் வைக்கோலும்தான் இருந்தன. மாசி பிறந்துவிட்டது. சம்பா அறுவடை முக்கால்வாசி முடிந்த நிலத்தில் பச்சைக்கு எங்கே போவது? பதிலுக்குக் கமல் ஓர் அழுமூஞ்சிப் பொம்மை அனுப்பினார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொலைக்காட்சி, மலேசியத் தமிழர் மனத்தில் இடம்பிடித்த கலைஞர்களின் வாழ்க்கையைத் தொடராக எடுக்கிறது. ஆளுக்கு அரைமணி நேரம். கமல் தயாரிப்பாளர். நான் படம் எடுப்பவள் இல்லை. எடுத்த படத்தில் பெயர், ஊர், உறவுமுறை, ஆண்டு எல்லாம் சரியா என்று பார்ப்பவள். சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுப்பேன், அவர்கள் திருத்துவார்கள். பெரும்பாலும் மேசையிலேயே முடிந்துவிடும் வேலை. இந்த முறை குடும்பத்தாரின் அனுமதிக் கையெழுத்தும் ஒரு நல்ல புகைப்படப் பிரதியும் தேவைப்பட்டதால் விமானம் ஏற வேண்டியதாயிற்று.

படம் வைரக்கண்ணு வாத்தியாரைப் பற்றியது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பாட்டெழுதி, மெட்டமைத்து, நடிகர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நாடக வாத்தியார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு குழுவோடு மலாயாவுக்கு வந்து ரப்பர் தோட்டங்களில் நாடகம் போட்டார். என் அம்மா பிறந்த தோட்டத்தில் அவருடைய தாலாட்டு ஒன்றைத் தெரியாதவர்கள் கிடையாது. யார் எழுதியது என்றுதான் தெரியாது.

அவருக்கு இருப்பது ஒரே ஒரு புகைப்படம். ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருக்கிறார். எங்கள் படம் அதில்தான் தொடங்குகிறது. கேமரா முகத்துக்குப் போகாமல், கட்டைகளின் மேலிருக்கும் விரல்களில் தொடங்கி, மெல்லக் கையேறி, தோளேறி, கடைசியில் முகத்துக்கு வரும். இடக்கைச் சுண்டுவிரல் உட்புறமாக வளைந்திருக்கும். "சிறுவயதில் கதிர் அறுக்கையில் அரிவாள் பட்ட விரல் இது. அந்த விரலிலிருந்துதான் இத்தனை பாட்டும் பிறந்தது" என்று பின்னணிக் குரல் சொல்லும். கமலுக்கு மிகவும் பிடித்த இடம். எனக்கும் பிடிக்கும். அரிவாள் விஷயத்துக்கு மட்டும் ஆதாரம் கேட்டுக் குறித்து வைத்திருந்தேன்.

உள்ளூர் ஏற்பாடெல்லாம் பிரபு. தஞ்சாவூரில் கல்யாண வீடியோ எடுப்பவர். காரும் அவருடையது, கேமராவும் அவருடையது. முதல் வேலையாக என்னைச் சாப்பிட அழைத்துப் போனார். இட்லிக்குச் சாம்பாரோடு கடப்பா என்று ஒன்று வைத்தார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த இளம் மஞ்சள் குழம்பு, சோம்பு வாசனையோடு. என் ஊரான கிள்ளானில் நான் போகாத சாப்பாட்டுக் கடை இல்லை. இது அங்கே எவருக்கும் தெரியவில்லை. கப்பலேறி வந்தவர்கள் இதை மட்டும் ஏன் விட்டுவிட்டு வந்தார்கள் என்று யோசித்தபடி இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டேன்.

அன்று பிற்பகல் திருவையாற்றில் ஆற்றைப் படமெடுத்தோம். மணல்தான் அகலமாகக் கிடந்தது. தண்ணீர் ஓர் ஓரமாக, கணுக்கால் நனையுமளவு. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் பிரபுவிடம் கேட்டார்.

"என்னா படம் தம்பி? யாரு ஹீரோ?"

"செத்துப்போன ஒரு வாத்தியாரப் பத்திங்க்கா."

"செத்துட்டாரா? அப்ப ஹீரோயினு?"

"ஹீரோயின் கெடையாதுக்கா. ஆறுதான்."

"அதுவும் செத்துப்போச்சுன்னுதான் காட்டப் போறியா? ஆடியில வந்து எடுய்யா" என்று சொல்லிவிட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டித் துவைக்கத் தொடங்கினார். கடைத்தெருவில் அசோகா வாங்கி, சூடு ஆறுமுன் சாப்பிட்டோம். பாசிப்பருப்பில் செய்த அல்வா. விரலில் ஒட்டிய நெய்யோடு நான் கேமராவைத் தொடக் கூடாது என்று பிரபு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் வாத்தியாரின் ஊர். மன்னார்குடி தாண்டியதும் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து செகிஞ்சானில் வயலுக்குள் இறங்கும் இயந்திரம் நெல்லை நேரே லாரியில் கொட்டும், லாரி ஆலைக்குப் போய்விடும். ரோட்டில் ஒரு மணி நெல்லைப் பார்க்க முடியாது. இங்கே கொள்முதல் நிலையத்தில் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்களாம், அதனால் தார்ச்சாலைதான் களம். எதிரே அறுவடை இயந்திரத்தைச் சுமந்த லாரி ஒன்று வர, ஒதுங்க இடமில்லாமல் பிரபு ஒரு சக்கரத்தை நெல்லின் மேல் ஏற்றிவிட்டார். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏத்துங்க, ஏத்துங்க! இன்னும் ரெண்டு தடவ போயிட்டு வாங்க. மில்லு கூலி மிச்சம்!"

பிரபு கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டார். "போறப்ப இதே வழிதான வருவ?" என்றார் அந்தப் பெண். திரும்பும்போது வேறு வழியாக வந்தோம்.

வாத்தியாரின் மகன் சேதுராமன் வாசலுக்கே வந்து அழைத்தார். எழுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, பேசும்போது கைகூப்பியபடியே பேசும் வழக்கம். நான் அனுமதித் தாள்களை எடுப்பதற்குள், "மொதல்ல சாப்பாடு, அப்பறந்தான் சினிமா" என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி மல்லிகா விரால் மீன் குழம்பு வைத்திருந்தார். வெளிச்சம் போய்விடும் என்று பிரபு இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கினார்.

சாப்பாடு முடிந்ததும் கூடத்துச் சுவரிலிருந்து வாத்தியாரின் படத்தை இறக்கினார்கள். மாலையை எடுத்து, கண்ணாடியிலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் மல்லிகா துடைத்தார். பிரதி எடுப்பதற்காகச் சட்டத்தைக் கழற்றி, படத்தை முற்றத்து வெளிச்சத்தில் வைத்தோம்.

அதை முதல்முறையாக நேரில் பார்க்கிறேன். கணினித் திரையில் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் கண்ணாடி இல்லாமல் பார்க்கும்போது ஒன்று உறுத்தியது. முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்திருந்தது. மூக்கின் நிழல் வலக்கன்னத்தில். ஆர்மோனியத்தின் நிழலோ இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"ஐயா, இது ஒரே படமா, இல்ல ரெண்டு படத்தச் சேத்ததா?"

சேதுராமன் சிரித்தார். "ஒட்டுப்படம்தாங்க. அப்பா தவறினப்ப தனியா ஒரு படம் கெடையாது. இருந்த ஒண்ணு ரெண்டும் வெள்ளத்துல போயிடுச்சு. ஈப்போல நாடகக்காரங்க எல்லாரும் கூட்டமா எடுத்த படம் ஒண்ணுதான் மிச்சம். அதுல அப்பா பின்வரிசைல கையக் கட்டிட்டு நிக்கிறாரு. வாத்தியார்னா ஆர்மோனியப் பொட்டி முன்னாடில்ல இருக்கணும்? கையக் கட்டிட்டு நிக்கிறத மாட்டுனா ஊரு என்னா சொல்லும்? முன்னாடி பொட்டியோட உக்காந்திருந்தவன் ஒடம்புல அப்பா தலைய வச்சுக் குடுங்கன்னோம். மன்னார்குடி ஸ்டுடியோக்காரரு, முகம் பொட்டிப் பக்கம் பாக்கட்டும்னு தலைய எடவலமா மாத்திப் போட்டு அழகா செஞ்சு குடுத்தாரு."

"அப்ப இந்தக் கை?"

"அது தங்கையன் கை. பொட்டி வாசிக்கிறவன். அப்பாவுக்கும் வாசிக்கத் தெரியும், ஆனா மேடையில தொட மாட்டாரு. அவரு பாட்டச் சொல்லுவாரு, இவன் பிடிச்சுக்குவான். நம்ம வீட்டுச் சோத்துல வளந்தவன்தான்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "கைல என்னங்க இருக்கு? முகம் அப்பாதுதான?"

பிரபு குனிந்து பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. காரில் ஏறியதும் சொன்னார்: "எங்க பெரியப்பா ஸ்டுடியோல கோட்டு போட்ட ஒடம்பு ஒண்ணு ரெடியா இருக்கும் மேடம். தலைய மட்டும் மாத்திக்கிட்டே இருப்பாரு. இந்தப் பக்கம் பாதிப் பேரு செத்தப்பறந்தான் கோட்டு போட்டிருக்காங்க."

சிரித்துவிட்டேன். பிறகு கேட்டேன்: "தங்கையனோட தலை என்னாச்சு?"

"வெட்டுன மிச்சம் எல்லாம் குப்பைதான் மேடம்."

ஈப்போவில் அந்தக் காலத்தில் நாடகக் குழுக்களைப் படமெடுத்த ஸ்டுடியோவைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். இப்போது கைப்பேசி விற்கும் கடை. வாத்தியார் குழுவின் படம் எதுவும் அங்கே மிஞ்சவில்லை என்பதையும் நானேதான் விசாரித்து உறுதிசெய்திருந்தேன்.

கார் கிளம்பும்போது மல்லிகா ஊறுகாய்ப் புட்டியோடு ஓடிவந்தார். ஜன்னலருகே குனிந்து, வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தங்கையனுக்கு ஒரு மவ உண்டும்மா. கஸ்தூரி. திருத்துறைப்பூண்டில டீச்சரா இருந்து ரிட்டையர் ஆயிடுச்சு. மாமா நெனவு நாளுக்கு வருஷம் தவறாம வரும். போறதுன்னா போய்ப் பாருங்க."

கையெழுத்தை இரண்டு நாள் கழித்து, நல்ல நேரம் பார்த்துப் போடுவதாகச் சேதுராமன் சொல்லியிருந்தார். அதனால் அடுத்த நாள் திருத்துறைப்பூண்டிக்குப் போனோம்.

கஸ்தூரி டீச்சரின் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில், மாடியில் தகரக் கொட்டகை போட்ட சின்ன வீடு. வாசலில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. கணக்குக்கு டியூஷன் வந்த பிள்ளைகளுடையவை. அவர்களை அனுப்பிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"மலேசியாலேருந்தா? சேதுராமன் வீட்டுக்குப் போற வழில தப்பிட்டீங்களா?"

"அங்க போயிட்டுத்தான் டீச்சர் வர்றோம்."

"அப்ப விரால் மீன் சாப்ட்டிருப்பீங்க. எங்க வீட்ல சுண்டல்தான்" என்றார். சுண்டலும் டீயும் வந்தன. உட்கார்ந்ததும் அவரே தொடங்கினார்.

"முன்னோட்டம் பாத்தேங்க. சேதுராமன் ஊரு குரூப்புல போட்டிருந்தாரு. கைதான் மொதல்ல வந்துச்சு." கைப்பேசியை எடுத்துக் காட்டினார். எங்கள் படத்தின் முன்னோட்டம் விரல்களின் மேல் நிறுத்தப்பட்டிருந்தது. "அது எங்கப்பா கை. தெரியுந்தானே ஒங்களுக்கு? தெரியாமயா வந்திருப்பீங்க."

அவருடைய அப்பா மலாயாவிலிருந்து திரும்பிய அடுத்த ஆண்டே மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். டீச்சருக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை. வீட்டில் படம் கிடையாது. வாத்தியார் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டிருக்கும் அந்தப் படத்தில்தான் அவர் அப்பாவைப் பார்த்து வளர்ந்தார். அதுவும் ஆண்டில் ஒருநாள்.

"நெனவு நாளுக்கு ஊருக்கே சோறு போடுவாங்க. சாப்ட்டுக் கை கழுவிட்டுக் கூடத்துல போயி நிப்பேன். சின்னப்புள்ளைல எட்டாது. அம்மா தூக்கிக் காட்டும், 'அதோ அப்பா கை'ன்னு. அப்பறம் எட்டுச்சு. எட்டுனாலும் கிட்டப் போயி ரொம்ப நேரம் நிக்க முடியாதுல்ல, அடுத்தவங்க வீட்டுச் சாமி படம் மாதிரி. எங்கப்பான்னா எனக்கு அந்த ரெண்டு கைதாங்க."

தன் இடக்கையை நீட்டினார். சுண்டுவிரல் உட்புறமாக வளைந்திருந்தது.

"அரிவாள் பட்டதுன்னு உங்க படத்துல சொல்றாங்க. பட்டதில்லீங்க, பொறப்பு. என் மகனுக்கும் இருக்கு."

எழுதிக்கொண்டேன். ஆதாரமில்லை என்று குறித்து வைத்திருந்த இடத்துக்கு விடை கிடைத்ததில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. பிரபு கேமராவை முக்காலியில் நிறுத்தி டீச்சரைப் பேசவிட்டு எடுத்தார். முடிந்ததும் டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணுங்க. நீங்க எதையும் மாத்த வேணாம். படம் போடுற அன்னைக்கு இந்தத் தெருவே இங்க வந்து பாக்கப் போவுது. எங்கப்பா கை டிவில பெருசா வரும். எனக்கு அது போதும்."

"ஆனா வாத்தியார் கைன்னு சொல்றாங்களே டீச்சர். அது தப்பான தகவல்."

"சொல்லிட்டுப் போறாங்க. யாரு கைன்னு எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். மலேசியாவுல தெரிஞ்சு என்னாகப் போவுது?"

"தெரியணும்" என்றேன். "உங்க அப்பா பேரை அடியில போடச் சொல்றேன். ஆர்மோனியம் வாசிச்சவர்னு. அதுதான் முறை."

"வேணாங்க. பேரு கேட்டா கையையும் எடுத்துருவாங்க. அந்த வீட்டுக்காரங்கள எனக்கு நல்லாத் தெரியும்."

"எங்க ஆளுங்க அப்படிச் செய்ய மாட்டாங்க. சரியான தகவல் கிடைச்சா சந்தோஷப்படுவாங்க. என் வேலையே அதுதான் டீச்சர்."

டீச்சர் எழுந்தார். சுண்டல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"பேரு எழுத்துல வருமா?"

"வரும்."

"தமிழ்லயா?"

"தமிழ்லயும் மலாய்லயும்."

நிலையிலிருந்து நிமிர்ந்தார். பிறகு வகுப்பில் சொல்லும் குரலில் சொன்னார்: "சி. தங்கையன். சின்னப்பிள்ளை மகன். இனிஷியல விட்டுராதீங்க. 'ன்' ரெண்டு சுழி. எழுதுனதக் காட்டுங்க, சரியான்னு பாக்குறேன்."

காட்டினேன். சரி என்று தலையாட்டினார். நாங்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தார்.

அன்று மாலையே அறிக்கையை எழுதி அனுப்பினேன். முகம் வைரக்கண்ணு, உடலும் கைகளும் சி. தங்கையன், அரிவாள் காயம் என்பது உண்மையல்ல, பெயரைச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். என் அறிக்கைகளில் இதைவிடத் தெளிவானது வேறொன்று இருந்ததாக நினைவில்லை. மன்னார்குடி விடுதியில் தோசை கருகி வந்தபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் காலை கமல் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க இல்லன்னா மாட்டியிருப்போம்லா. ரொம்ப நன்றி."

"பேரைச் சேத்துட்டீங்களா?"

"அதான் முடியல. சேதுராமன் ஐயாகிட்ட பேசுனேன். எங்கப்பா படத்துல இன்னொருத்தன் பேரு வந்தா கையெழுத்து கிடையாதுன்னுட்டாரு. கையெழுத்து இல்லாம அந்தப் படத்த ஒளிபரப்ப முடியாது. பேரு இல்லாம கையைக் காட்டுனா நாம தெரிஞ்சே பொய் சொல்ற மாதிரி ஆயிடும். அதனால கையை எடுத்தாச்சு. முகத்தை மட்டும் பெருசாக்கி, முகத்துலருந்தே தொடங்குறோம். நல்லாதான் வந்திருக்கு."

"கமல், முன்னாடி இருந்த மாதிரியே விட்டுருங்க. பின்னணிக் குரல மட்டும் எடுத்துட்டு கைய விடுங்க. யாரு கைன்னு எதுவும் சொல்ல வேணாம்."

"நீங்களே எழுதிக் குடுத்தப்புறம் எப்படி அக்கா விடுறது? சட்டப் பிரிவுக்குப் போயிருச்சு. அவங்கதான் எடுக்கச் சொன்னாங்க."

"டீச்சர் பேசுனது இருக்கே? அவங்க விரலக் காட்டுனது?"

"அருமையான பேட்டிக்கா. ஆனா அத வச்சா சேதுராமன் ஐயா என்னா சொல்வாரு?"

மறுபடியும் வாதாடினேன். அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றுகூடச் சொன்னேன். ஒன்றை அறிந்த பிறகு அறியாதது போல இருக்க எங்கள் அலுவலகத்தில் வழியில்லை. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

பிரபுவுக்கு அன்று கல்யாணம் ஒன்று இருந்தது. ஆட்டோவில் சேதுராமன் வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். நான் எதுவும் கேட்காமலே, கைகூப்பியபடி சொன்னார்:

"என்னத் தப்பா நெனைக்காதீங்க. தங்கையன் மேல எனக்கு என்னா கோவம்? எங்கப்பாவுக்கு இருக்கறது அந்த ஒரு படம். அதுவும் ஒட்டுன்னு ஒலகத்துக்கே சொல்லணுமா? பேரன் பேத்தியெல்லாம் துபாய்லேருந்து பாக்கும்ங்க."

தாள்களை வாங்கிப் பைக்குள் வைத்தேன். நாற்காலியில் ஏறி, படத்தை அவரே பழைய ஆணியில் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். நேராகத்தான் இருந்தது.

டீச்சரிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று, வருகிறேன் என்பதை மட்டும் போனில் தெரிவித்துவிட்டுத் திருத்துறைப்பூண்டி பஸ் பிடித்தேன். பாதி வழியில், இருபுறமும் அறுத்த வயலாக இருந்த இடத்தில் பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கம் திறந்து பார்த்தார். நடத்துநர் எல்லோரையும் இறக்கிவிட்டார்.

"எவ்ளோ நேரமாவும்?" என்று கேட்டார், மடியில் பூக்கூடையோடு இருந்த பெண்.

"பின்னாடி ஒரு வண்டி வருதுக்கா. அதுல ஏத்திவிடுறேன்."

"அது நிக்குமா?"

"நிக்கும்."

"நேத்தும் இதையேதான் சொன்ன. ஒன் வண்டிக்கு நேத்து என்னா, இன்னிக்கு என்னா?"

"நேத்து டயரு. இன்னிக்கு இஞ்சின். வித்தியாசம் இருக்குல்லக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். புளியமர நிழலில் நின்றோம். யாரோ கடலை வாங்கிப் பங்கு போட்டார்கள், எனக்கும் ஒரு கை வந்தது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஆளுக்கொரு கைப்பேசிக்குள் போய்விடுவோம். இங்கே ஒரு கல்யாணப் பேச்சு, ஒரு நிலத் தகராறு, ஒரு சர்க்கரை நோய் மருந்து எல்லாம் அடுத்த வண்டி வருவதற்குள் பேசி முடித்தார்கள். பின்னால் வந்த வண்டி நின்றது. ஏறியவர்களில் எனக்கு மட்டும்தான் போய்ச்சேர அவசரம் இல்லை.

டீச்சர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண்ணிடம், "இவங்கதான், மலேசியாலேருந்து வந்தவங்க. அப்பா பேரு போடப் போறவங்க" என்று என்னைக் காட்டினார். உள்ளே போகும்வரை காத்திருந்து சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பெயர் வராது. கையும் வராது.

துடைப்பத்தை மூலையில் சாய்த்து வைத்தார். சாய்த்தது நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார்.

"முன்னோட்டத்துல வந்துச்சே?"

"அதையும் மாத்திட்டாங்க."

கைப்பேசியை எடுத்து, தன்னிடம் இருக்கும் பழைய முன்னோட்டம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தார். அவர் அதைத் தனியாகச் சேமித்து வைக்கவில்லை. இணைப்பை அழுத்தினால் புதியது வந்தது. வாத்தியாரின் முகம்.

"டீச்சர், நான் சொல்லாம இருந்திருந்தா..."

"ஒங்க மேல என்னங்க. பேருக்கு ஆசப்பட்டுட்டேன்" என்றார். "வேணாம்னு சொன்னவதான். நீங்க எழுத்துல வரும்னதும் ஆசப்பட்டுட்டேன்."

பிறகு எழுந்து தட்டு வைத்தார். அன்று எனக்காக மீன் வாங்கியிருந்தார், ஆற்றுக் கெண்டை. முள் அதிகம், பார்த்துச் சாப்பிடுங்கள் என்றார். நான் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பெண், "எந்தக் கெழமைங்க வரும்?" என்று கேட்டார். டீச்சர் முந்திக்கொண்டு கிழமையைச் சொன்னார்.

ஒளிபரப்பு அன்று கிள்ளானில் என் வீட்டில் தனியாகப் பார்த்தேன். பாட்டுகள் நன்றாக வந்திருந்தன. தாலாட்டு வந்த இடத்தில் என் அம்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பெயர், ஊர், ஆண்டு எதிலும் பிழையில்லை. கடைசியில் ஓடிய பெயர்ப் பட்டியலில் தகவல் சரிபார்ப்பு என்று என் பெயர் வந்தது. எழுந்து அணைத்துவிட்டேன்.

அரைமணி நேரம் கழித்துத் திருத்துறைப்பூண்டியிலிருந்து அழைப்பு. பின்னால் நிறையப் பேச்சுச் சத்தம்.

"இப்பத்தாங்க நெட்டுல போட்டுப் பாத்து முடிச்சோம். படம் நல்லாருந்துச்சு. வாத்தியார் பாட்ட நல்லா எடுத்திருக்காங்க. எங்கம்மா இருந்தா கூடவே பாடும்."

"டீச்சர், என்னை மன்னிச்சுடுங்க."

"அட, விடுங்க. ஒண்ணு கேக்கத்தான் போட்டேன். ஆரம்பத்துல வாத்தியார் முகம் வருதுல்ல, கீழ்ப்பக்கம் சட்டைக் காலரு கொஞ்சம் தெரிஞ்சுது. நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். தலதான வாத்தியாரு? அப்ப அந்தக் காலரு எங்கப்பா சட்டைதானே?"

பிரபு எடுத்துக் கொடுத்த பிரதி என் கணினியில் இருக்கிறது. திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். வெட்டிய இடம் தெரியாமலிருக்க, ஸ்டுடியோக்காரர் கழுத்தைச் சுற்றி அந்தக் காலரைத் தூரிகையால் வரைந்திருந்தார். அதில் துணியின் இழை இல்லை. மை மட்டும்தான்.

"ஆமாங்க டீச்சர்" என்றேன். "அப்பா சட்டைதான்."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு" என்றார். கைப்பேசியை வைக்காமலே திரும்பி, கூடியிருந்தவர்களிடம் சொல்வது கேட்டது: "ஏ மாலா, நான் சொன்னேன்ல? அப்பாதுதானாம். மறுபடியும் மொதல்லேருந்து போடு."